ஆறாம் வாரத்திலேயே ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

கேள்வி சுருக்கமாக இது: "பரிசோதனையில் இரண்டு கோடு வந்துவிட்டது. கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணினால் ஆறு வாரம். எனக்கு மாதவிடாய் 35 முதல் 40 நாளுக்கு ஒருமுறைதான் வரும். வலி இல்லை, ரத்தப்போக்கும் இல்லை. உடனே ஸ்கேன் எடுத்து ஹார்ட்பீட் பார்த்துவிடலாம் என்கிறார் கணவர். 'மூணு மாசம் ஆகறதுக்குள்ள ஸ்கேன் எடுக்காதம்மா, அந்தச் சூடு கருவுக்கு ஆகாது' என்கிறார் மாமியார். இன்னும் நான்கு வாரத்தில் திருச்சிக்குப் போக டிக்கெட் எடுத்திருக்கிறோம். என்ன செய்வது?"

இந்த வாரம் வேண்டாம். வலியோ ரத்தமோ தலைகாட்டாத வரை இன்னும் இரண்டரை வாரம் பொறுங்கள். திருச்சிக்குக் கிளம்பும் முன் கண்டிப்பாக ஒரு ஸ்கேன் எடுங்கள். இடையில் வலியோ ரத்தமோ வந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஏன் பொறுக்கச் சொல்கிறேன் என்றால், உங்கள் ஆறு வாரம் உண்மையில் ஆறு வாரம் அல்ல. கர்ப்ப வாரங்களைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம். 28 நாள் சுழற்சி, 14ஆம் நாள் வாக்கில் கருமுட்டை வெளிவரும் என்ற அனுமானத்தில் வந்த கணக்கு அது. சுழற்சி நீளமானால் முட்டை வெளிவருவதும் தள்ளிப்போகும். முட்டை வெளிவந்த பிறகு அடுத்த மாதவிடாய் வரை உள்ள நாள்கள் பெரும்பாலோருக்கு ஏறக்குறைய 14தான். நீளுவது அதற்கு முந்தைய பகுதி. கடைசி மாதவிடாய் மார்ச் 1ஆம் தேதி தொடங்கியது, சுழற்சி 38 நாள் என்று வைத்துக்கொள்வோம். முட்டை வெளிவந்தது மார்ச் 15 அல்ல, மார்ச் 25 வாக்கில். ஏப்ரல் 12ஆம் தேதி நாள்காட்டி ஆறு வாரம் என்று சொல்லும். ஆனால் உண்மையான கர்ப்பக் கணக்கு 4 வாரம் 4 நாள். அன்று ஸ்கேன் எடுத்தால் கர்ப்பப்பைக்குள் கடுகளவில் 2, 3 மில்லிமீட்டர் கருப்பு வட்டம் தெரிந்தாலே பெரிது. தெரியாமலும் போகலாம். அதே பெண் ஏப்ரல் 29 அன்று வந்தால் கரு சரியாக ஏழு வாரம். நீளம் 9, 10 மில்லிமீட்டர் இருக்கும், துடிப்பு திரையில் தெளிவாகத் தெரியும். இரண்டு நாள்களிலும் கரு ஒன்றுதான், அதில் எந்தக் குறையும் இல்லை. முதல் தேதியில் வந்திருந்தால் வீட்டுக்குத் திரும்பும்போது கையில் இருந்திருப்பது "கரு தெரியவில்லை, மறுபடி வாருங்கள்" என்ற ஒரு வரி மட்டும்.

வாரத்துக்கு வாரம் தெரிவது இவ்வளவு. உள்வழி ஸ்கேனில், அதாவது பிறப்புறுப்பு வழியாகக் குழல் வைத்துப் பார்ப்பதில், நாலரை முதல் ஐந்து வாரத்துக்குள் கருவைச் சூழ்ந்திருக்கும் பை தெரியும். ஐந்தரை வாரம் வாக்கில் அதற்குள் சின்ன வளையம் போல யோக் சாக் (கருவுக்குத் தொடக்கத்தில் ஊட்டம் தரும் பை) வரும். ஆறு வாரத்தில் அதன் ஓரமாகக் கரு, கூடவே துடிப்பு. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் இவை ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு வாரம் தாமதமாகத்தான் தெரியும். உடல் பருமன், பின்னோக்கிச் சாய்ந்த கர்ப்பப்பை, கட்டிகள் இருந்தால் இன்னும் தாமதமாகும்.

ஆக, அறிகுறி இல்லாத ஒருவர் முதல் ஸ்கேனுக்குப் போகச் சரியான நேரம் உண்மைக் கணக்கில் ஏழு முதல் எட்டு வாரம். கரு சரியான இடத்தில் இருக்கிறதா, துடிப்பு இருக்கிறதா, ஒன்றா இரண்டா, எத்தனை வாரம் என்ற நான்கு கேள்விக்கும் ஒரே நாளில் பதில் கிடைக்கும்.

இப்போது பொறுக்கவே கூடாதவர்களைப் பற்றி. இந்தப் பதிலில் மிக முக்கியமான பகுதி இதுதான்.

நூறு கர்ப்பங்களில் ஒன்றோ இரண்டோ கர்ப்பப்பைக்கு வெளியே தங்கிவிடும், பெரும்பாலும் கருக்குழாயில். குழாய் விரிந்து கொடுக்காது. கரு வளர வளரக் கிழியும், வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும். வெளியே வரும் ரத்தம் கொஞ்சமாகத்தான் இருக்கும், பழுப்பு நிறத்தில், மாதவிடாயின் கடைசி நாள் போல. அதைப் பார்த்து "லேசாகத்தானே படுகிறது" என்று படுத்துக்கொள்வதுதான் ஆபத்து. அடிவயிற்றில் ஒரு பக்கமாக விடாத வலி, தோள்பட்டை நுனியில் காரணமில்லாத வலி, எழுந்து நின்றால் கண் இருட்டுவது, மலம் கழிக்கும்போது உள்ளே குத்துவது ஆகியவற்றைச் சாதாரண வயிற்று வலி என்று விடாதீர்கள். தோள் ஏன் வலிக்கிறது என்றால், வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துகிறது. அந்த நரம்பின் வலி தோளில் தெரியும். வாயுப் பிடிப்பு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்து நேரத்தைக் கடத்தாதீர்கள்.

மயக்கம் வந்தாலோ வலி தாங்க முடியாமல் போனாலோ சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995. நடந்து போகும் நிலையில் இருந்தால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் பெண்களுக்கான அவசரப் பிரிவு 24 மணி நேரமும் இயங்குகிறது, அங்கே போங்கள். தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை பக்கம் என்றால் அங்குள்ள அவசரப் பிரிவு. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) முன்பதிவு கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பேட் நனையும் அளவுக்கு ரத்தம் போனாலும் இதேதான்.

ரத்தம் என்றவுடன் எல்லாம் முடிந்தது என்று நினைத்து அழுதுவிடாதீர்கள். முதல் மூன்று மாதத்தில் நான்கில் ஒரு பெண்ணுக்கு ஏதோ ஓர் அளவில் ரத்தம் படுகிறது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கர்ப்பம் தொடர்கிறது. ஆனால் அது எந்த வகை என்பதை ஸ்கேன்தான் சொல்லும். போகும்போது உங்கள் ரத்த வகையைச் சொல்லுங்கள். நெகட்டிவ் வகை சீனர், மலாய்க்காரர்களைவிட நம்மவர்களிடம் கூடுதலாக இருக்கிறது. நெகட்டிவ் என்றால், தாயின் உடல் குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் திரும்பாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

வலியும் இல்லை, ரத்தமும் இல்லை. ஆனாலும் ஆறு வாரத்திலேயே போக வேண்டியவர்கள் சிலர் உண்டு. முன்பு ஒருமுறை குழாயில் கரு தங்கியவர் (மறுபடி அப்படி ஆக ஏறக்குறைய பத்தில் ஒரு வாய்ப்பு), கருக்குழாயில் அறுவை சிகிச்சையோ இடுப்புப் பகுதியில் கடுமையான தொற்றோ வந்தவர், காப்பர்-டி போன்ற சாதனம் உள்ளே இருக்கும்போதே கருவுற்றவர், ஐவிஎஃப் மூலம் கருத்தரித்தவர். அடுத்தடுத்துக் கலைந்தவர்களும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு சீக்கிரம் போகலாம். சிசேரியன் செய்தவர்கள் இதைக் கவனியுங்கள்: பழைய தழும்பின் மேலேயே கரு ஒட்டிக்கொள்வது அரிது, ஆனால் அப்படி ஒட்டினால் ஏழு வாரத்தில் தெரிவது நான்கு மாதத்தில் தெரிவதைவிட எவ்வளவோ மேல். முதல் பிரசவம் சிசேரியன் என்பதை ஸ்கேன் எடுப்பவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

மாமியாரின் பயத்துக்கு வருவோம். அதை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம், அதில் ஒரு துளி விஷயம் இருக்கிறது. ஸ்கேன் எக்ஸ்-ரே அல்ல. கதிர்வீச்சு கிடையாது, காதுக்குக் கேட்காத ஒலி அலை. கர்ப்பிணிகளுக்கு 1950களின் பிற்பகுதியிலிருந்து பயன்பட்டு வருகிறது. சாதாரணமாகச் செய்யும் ஸ்கேனால் கருவுக்குக் கெடுதல் வந்ததாக நிறுவப்படவில்லை. ஆனால் ஒலி அலை தசையைக் கொஞ்சம் சூடாக்கக்கூடியதுதான். அதற்காகவே இயந்திரத்தின் திரை ஓரத்தில் டிஐ என்று ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும். படம் மட்டும் பார்க்கும் சாதாரண முறையில் அது மிகக் குறைவாகவே இருக்கும். டாப்ளர் போட்டு 'டக் டக்' என்று சத்தம் கேட்க வைக்கும்போது சக்தி ஒரே புள்ளியில் குவிந்து அந்த எண் ஏறும். ஆகவே முதல் மூன்று மாதத்தில் காரணமில்லாமல் டாப்ளர் போடக் கூடாது என்பது மருத்துவ அமைப்புகளே சொல்லும் விதி. துடிப்பைத் திரையில் கோடாக வரைந்து எண்ணும் எம்-மோட் முறை போதும். "சத்தம் கேட்க வேண்டாம் டாக்டர், துடிக்கிறதைப் பார்த்தால் போதும்" என்று தயங்காமல் சொல்லுங்கள். இணையத்தில் விற்கும் வீட்டு டாப்ளர் கருவியை வாங்காதீர்கள். இந்த வாரங்களில் அது எதையும் பிடிக்காது. பிடிக்காததால் வரும் பயம்தான் மிச்சம்.

ஆக, அவசர ஸ்கேனின் உண்மையான கெடுதல் சூட்டில் இல்லை. பாதிப் பதிலை முழுப் பதிலாக எடுத்துக்கொள்வதில் இருக்கிறது. 'பை இருக்கு, கரு இல்லை' என்ற வரியைப் படித்துவிட்டு ஒரு வாரம் தூங்காமல் கிடக்கும் பெண்கள் ஏராளம். அதைவிட மோசமானது, நல்ல கருவைக் கலைந்த கரு என்று தவறாக எழுதி, மாத்திரையோ சுத்தம் செய்வதோ நடந்துவிடுவது. உலகெங்கும் இப்படி நடந்ததால்தான் அளவுகோல்கள் கடுமையாக்கப்பட்டன. அவற்றை நீங்களும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

உள்வழி ஸ்கேனில் கருவின் நீளம் 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்து துடிப்பே இல்லை என்றால்தான் கர்ப்பம் தொடரவில்லை என்று சொல்லலாம். 6 மில்லிமீட்டர், துடிப்பு இல்லை என்றால் முடிவு சொல்ல முடியாது. கருவைச் சூழ்ந்த பையின் சராசரி விட்டம் 25 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்து உள்ளே கரு இல்லை என்றாலும் அதேபோலச் சொல்லலாம். 20 மில்லிமீட்டர் என்றால் சொல்ல முடியாது. அளவுகோலுக்குக் கீழே இருந்தால் குறைந்தது ஏழு நாள், முடிந்தால் பத்து, பதினான்கு நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பையும் கருவும் இந்தக் காலத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளர்கின்றன. ஆகவே மூன்றாம் நாளே ஓடிப்போய் எடுக்கும் ஸ்கேன் புதிதாக எதையும் சொல்லாது. அளவுகோலைத் தாண்டிய நிலையிலும் இரண்டாவது ஒருவர் பார்த்து உறுதி செய்யும்படி கேட்பது உங்கள் உரிமை. வலியும் ரத்தப்போக்கும் இல்லாதபோது ஒரு வாரம் காத்திருப்பதால் உடலுக்குக் கெடுதல் வருவது அரிது.

கர்ப்பப்பைக்குள் எதுவும் தெரியவில்லை என்றால் எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். ஓர் எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. 48 மணி நேரம் இடைவெளி விட்டு இரண்டு முறை எடுத்து ஏற்றத்தைப் பார்க்க வேண்டும். நல்ல கர்ப்பத்தில் அதற்குள் குறைந்தது பாதியளவாவது கூடும், பலருக்கு இரட்டிப்பாகும். எண் 3,500ஐத் தாண்டியும் கர்ப்பப்பை காலியாகத் தெரிந்தால் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். அதே சமயம், இரட்டைக் கருவில் எண் சீக்கிரமே ஏறிவிடும், அதனால் நல்ல கர்ப்பத்திலும் பை இன்னும் தெரியாமல் இருக்கலாம். ஆகவே விரும்பிய கர்ப்பத்தில், நோயாளி நிலையாக இருக்கும்போது, ஒரே ஒரு எண்ணையும் ஒரே ஒரு ஸ்கேனையும் வைத்து, குழாயில் தங்கிய கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மெத்தோட்ரெக்சேட் ஊசி போட வந்தால் "மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுப் போடலாமா" என்று கேளுங்கள். அந்த மருந்து நல்ல கருவையும் அழித்துவிடும்.

ஸ்கேன் நாளன்று நடப்பது இது. ஏழு வாரத்தில் பெரும்பாலும் உள்வழியாகத்தான் பார்ப்பார்கள். கட்டைவிரலைவிடச் சற்றுப் பருத்த குழல், உறை மாட்டி, ஜெல் தடவி உள்ளே வைப்பார்கள். ஐந்து, பத்து நிமிடம். சங்கடமாக இருக்கும், ஆனால் வலிக்கக் கூடாது. வலித்தால் உடனே சொல்லுங்கள். இதனால் கரு கலையாது; குழல் கர்ப்பப்பை வாயைத் தாண்டிப் போவதில்லை. இதற்குச் சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்க வேண்டும். வயிற்றின் மேல் பார்ப்பதானால் நேர்மாறு: ஒரு மணி நேரம் முன்பு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் குடித்து அடக்கி வைக்க வேண்டும், நிறைந்த சிறுநீர்ப்பை குடலை ஒதுக்கி வழிவிடும். எது என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் ஒவ்வாமை இருந்தால் உறை மாட்டும் முன்பே சொல்லுங்கள். பெண் ஊழியர் வேண்டும் என்றாலோ துணைக்கு ஒரு தாதி உடன் இருக்க வேண்டும் என்றாலோ கேட்கலாம். உள்வழி வேண்டவே வேண்டாம் என்றாலும் சரி; ஒரு வாரம் கூடுதலாகக் காத்திருந்து வயிற்றின் மேல் பார்க்கச் சொல்லுங்கள்.

முடிந்ததும் அச்சிட்ட அறிக்கையை வாங்குங்கள், படம் மட்டும் போதாது. அதில் சிஆர்எல் என்பது கருவின் நீளம். அதை வைத்துத்தான் பிரசவத் தேதியைத் திருத்துவார்கள். நாள்காட்டிக் கணக்குக்கும் ஸ்கேன் கணக்குக்கும் ஒன்பது வாரத்துக்குள் ஐந்து நாளுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஸ்கேன் தேதியே இனிக் கணக்கு. உங்களுக்குப் பத்து நாள் பிந்தும் என்பதை இப்போதே எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். 'கரு வளர்ச்சி கம்மி' என்று பதற வேண்டாம். இந்தத் திருத்தம் பின்னால் மிக உதவும். தவறான தேதியோடு போனால் எட்டாம் மாதத்தில் குழந்தை சிறிது என்பார்கள், கடைசியில் நாள் தாண்டிவிட்டது என்று ஊசி போட்டு வலி வரவைப்பார்கள்.

இரட்டை என்றால், இருவருக்கும் நஞ்சுக்கொடி ஒன்றா தனித்தனியா என்று 14 வாரத்துக்குள் எழுதி வாங்க வேண்டும். அதற்குப் பிறகு பிரித்துச் சொல்வது கடினம். ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டையரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்க வேண்டியிருக்கும். அறிக்கையில் 'கார்ப்பஸ் லூட்டியம்' என்று சினைப்பையில் ஒரு நீர்க்கட்டி குறிப்பிட்டிருந்தால் அது கர்ப்பத்தைத் தாங்கும் இயல்பான கட்டி, விட்டுவிடுங்கள்.

'கரு தங்க' என்று டுஃபாஸ்டன் போன்ற மாத்திரைகளைப் பலரும் கேட்டு வாங்குகிறார்கள். முன்பு கலைந்து, இப்போதும் ரத்தம் படுகிறவருக்குப் புரொஜெஸ்டிரோன் பயன்படலாம். ஒரு தொந்தரவும் இல்லாதவருக்குத் தேவை இல்லை. ஆனால் ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம், ஸ்கேன் வரும்வரை காத்திருக்காமல் இன்றே தொடங்க வேண்டியது. நீரிழிவோ வலிப்புக்கான மருந்தோ இருந்தால் அளவு கூடும், மருத்துவரைக் கேளுங்கள்.

செலவு பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பூரரும் நிரந்தரவாசியும் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு பொது மருத்துவமனைக்குப் போனால் கட்டணச் சலுகை உண்டு, ஆனால் தேதி கிடைக்க நாளாகலாம். ஆகவே கடிதத்தை இந்த வாரமே வாங்குங்கள், ஸ்கேனைத்தான் தள்ளி வைக்கச் சொன்னேன். தனியார் மருந்தகத்தில் சீக்கிரம் கிடைக்கும், பெரும்பாலும் ஒவ்வொரு சந்திப்பிலும் ஸ்கேனும் எடுப்பார்கள். ஆலோசனைக் கட்டணத்துக்குள் ஸ்கேன் அடங்குமா என்று முன்பே கேளுங்கள். பிரசவத்துக்கு முந்தைய செலவுக்கு மெடிசேவிலிருந்து (மருத்துவச் செலவுக்கான மத்திய சேமநிதிக் கணக்கு) 900 வெள்ளி வரை எடுக்கலாம். முதல் ஸ்கேன் ரசீதிலிருந்தே பத்திரப்படுத்தி வையுங்கள். நீண்டகால வருகை அட்டையில் இருப்பவர்கள் தங்கள் கட்டண விகிதத்தை மருத்துவமனையில் விசாரித்துவிட்டுப் பதிவு செய்வது நல்லது.

முதல் ஸ்கேனே வேண்டாம், நேராக 11 வாரத்துக்குப் பிறகு போகலாமா என்று கேட்டால், அறிகுறியும் ஆபத்துக் காரணமும் இல்லாதவருக்கு அதுவும் தவறில்லை. பிரிட்டனில் வழக்கமான முதல் ஸ்கேன் அப்போதுதான். 11 முதல் 13 வாரம் 6 நாளுக்குள் எடுக்கும் அந்த ஸ்கேனில் டவுன் சிண்ட்ரோம் போன்ற குறைகளுக்கான வாய்ப்பைக் கணிக்க, கருவின் கழுத்துக்குப் பின்னால் உள்ள நீர் அளவும் பார்க்கப்படும். கருவின் நீளம் 45 முதல் 84 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அந்தச் சாளரத்தைத் தவறவிட்டால் திரும்பக் கிடைக்காது. கையில் ஒரு ஸ்கேனுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ஆனால் உங்களுக்கு அப்படிச் சொல்லமாட்டேன், பயணம் இருப்பதால். நான்கு மணி நேர விமானப் பயணம் இயல்பான கர்ப்பத்துக்குக் கெடுதல் இல்லை. கரு குழாயில் இருப்பது தெரியாமல் விமானத்தில் ஏறுவதுதான் பயம். மார்ச் 1 கணக்கில் ஏப்ரல் 29 வாக்கில் ஸ்கேன் எடுத்தால், சந்தேகம் வந்தாலும் மறுபடி பார்க்க மே 10ஆம் தேதி விமானத்துக்கு முன் பதினொரு நாள் இருக்கிறது. உங்கள் சொந்தத் தேதியையும் இதேபோல ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அறிக்கையின் பிரதி, ரத்த வகை எழுதிய அட்டை இரண்டையும் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள். ஊரில் மறுபடி ஸ்கேன் எடுக்க நேர்ந்தால் மருத்துவரின் பரிந்துரைச் சீட்டும் அடையாள ஆவணமும் கேட்பார்கள், ஒரு படிவத்தில் கையெழுத்தும் வாங்குவார்கள். கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அது கட்டாயம். ஆணா பெண்ணா என்று அங்கே யாரும் கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. இதை மாமியாரிடமும் கிளம்பும் முன்பே சொல்லி வையுங்கள்.